அகதி கேட்பது சத்திரமல்ல, சட்டம்!

2025 மார்ச் 27 அன்று மக்களவையில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் மசோதா மீதான விவாதத்திற்குப் பதிலளித்த ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, இந்தியா ஒன்றும் தர்மசாலை அல்ல என்று முழங்கினார். இரண்டு மாதங்கள் கூட ஆகவில்லை. மே 19 அன்று நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, கே. வினோத் சந்திரன் ஆகியோரைக் கொண்ட உச்சநீதிமன்ற அமர்விலிருந்து அதே சொல் வந்தது. அந்த அமர்வின் முன் நின்றவர் ஓர் ஈழத்தமிழர். தண்டனைக் காலத்தை முடித்துவிட்டவர். திரும்பிச் சென்றால் உயிருக்கு ஆபத்து, மனைவியும் பிள்ளையும் இங்கே வாழ்கிறார்கள், நாடுகடத்த வேண்டாம் என்பது அவருடைய கோரிக்கை. 140 கோடி மக்களுடன் நாமே திணறிக்கொண்டிருக்கையில் உலகெங்கிலுமிருந்து வரும் அகதிகளுக்கெல்லாம் இடமளிக்க முடியுமா என்று கேட்ட அமர்வு, வேறு நாட்டிற்குப் போகலாமே என்றும் சொன்னது. மனு தள்ளுபடியானது.

அமைச்சர் அரசியல் மேடையில் எறிந்த சொல், நீதிமன்ற மண்டபத்தில் எதிரொலித்துத் திரும்புகிறது. இது தற்செயல் என்று கடந்துவிடக்கூடியதல்ல. ஒரு சொல் இவ்வளவு எளிதாக இரண்டு அவைகளிலும் செல்லுபடியாகிறது என்றால், அதன் பின்னால் இருக்கும் கருத்து ஏற்கெனவே சமூகத்தில் வேர்விட்டுவிட்டது என்று பொருள். அடைக்கலம் என்பது வீட்டுக்காரர் மனமுவந்து போடும் சோறு. போட விருப்பமில்லாதபோது கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பதே அந்தக் கருத்து. அதை அதன் வேரிலேயே எதிர்கொள்ள வேண்டும்.

சத்திரத்தின் கதை

தர்மசாலை, சத்திரம், ஊட்டுப்புரை ஆகியவற்றின் கதையைத் திருவனந்தபுரத்திற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பத்மநாப சுவாமியின் பெயரால் ஆட்சி நடத்திய திருவிதாங்கூர் அரசு, பிராமணர்களுக்கு இலவசமாக உணவளிக்க ஊட்டுப்புரைகளை நடத்திவந்தது. தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்த பரதேசி பிராமணர்களும் அவற்றில் தாராளமாக உண்டார்கள். எல்லை கடந்து வந்தவர்களுக்கு இலை போட்ட அதே அரசில், வரி கொடுத்து அந்த இலைக்குச் சோறிட்ட உழைக்கும் சாதியினர் கோயிலைச் சுற்றியிருந்த வீதிகளில் நடக்கவும் உரிமையற்றிருந்தார்கள். அந்நியன் யார், சொந்தக்காரன் யார் என்பதை அங்கே எல்லைக்கோடு தீர்மானிக்கவில்லை. சாதிதான் தீர்மானித்தது.

அந்தக் கொடுமையைத் தகர்த்தது எது? அரசரின் தரும சிந்தை தானாகக் கனிந்து விடவில்லை. 1924-25இல் வைக்கம் போராட்டம் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்று அதில் ஈடுபட்ட தந்தை பெரியார் இருமுறை சிறைவைக்கப்பட்டார். திருவிதாங்கூரின் அதிகாரத்திற்கு அவரும் ஒரு வெளியாள்தான். ஆயினும் அங்கிருந்த மக்கள் அவரை வெளியாள் என்று ஒதுக்கவில்லை. 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானபோது அதில் அரசர் கையெழுத்திட்டிருந்தார். எழுதவைத்தது மக்கள் போராட்டம்.

சத்திரத்திற்கும் சட்டத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே. சத்திரத்தில் விருந்தினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சத்திரக்காரருக்கு இருக்கிறது. சாதி பார்க்கலாம், மதம் பார்க்கலாம், முகம் பார்க்கலாம். சட்டத்தின் முன் அந்தத் தேர்வுக்கு இடமில்லை. 'அகதி' என்ற சொல்லுக்கே கதியற்றவர், போக்கிடம் இல்லாதவர் என்பதுதான் பொருள். போக்கிடம் இல்லாதவரிடம், வேறு நாட்டிற்குப் போ என்பது அந்தச் சொல்லின் பொருளையே மறுப்பதாகும்.

மதம் பார்த்துத் திறக்கும் கதவு

2019 செப்டம்பர் 27 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் பிரதமர் மோடி, கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று வரியைத் தமிழிலேயே எடுத்துரைத்தார். எல்லா ஊரையும் தன் ஊராகவும் எல்லோரையும் உறவாகவும் கொண்ட அந்தப் பாடல் உலக அரங்கில் ஒலித்ததாகப் பாஜகவினர் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். மூன்று மாதங்களுக்குள், டிசம்பர் 12 அன்று, குடியுரிமைத் திருத்தச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் கதவைத் திறந்தது. பூங்குன்றனாரின் மொழியைப் பேசும் ஈழத்தமிழர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதுகூட அவர்களுக்கு உதவவில்லை. இந்துக்களின் பாதுகாவலர் என்ற வேடத்திற்கு உள்ளே இருப்பது என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எதிர்க்கட்சியாலும் காட்டிவிட முடியாது.

அந்தச் சட்டத்திற்கு எதிராக முதலில் பேசிய சட்டப்பேரவை திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. 2019 டிசம்பர் 31 அன்று, சட்டத்தைத் திரும்பப்பெறக் கோரும் தீர்மானத்தை முதலமைச்சர் பினராயி விஜயன் முன்மொழிய, ஆளும் இடது ஜனநாயக முன்னணியும் எதிர்க்கட்சியான ஐக்கிய ஜனநாயக முன்னணியும் அதை ஆதரித்தன. பாஜகவின் ஒரே உறுப்பினர் தனித்து நின்றார். மக்கள்தொகைப் பதிவேட்டுப் பணிகளைக் கேரள அரசு நிறுத்திவைத்தது. 2020 ஜனவரியில், அரசமைப்பின் 131ஆவது பிரிவின்கீழ் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஜனவரி 26 அன்று காசர்கோட்டிலிருந்து களியக்காவிளை வரை மனிதச் சங்கிலி கோத்து நின்றது. அந்தச் சங்கிலியின் தென்கோடி தமிழ்நாட்டின் வாசலைத் தொட்டது என்பதைத் தமிழ் பேசும் தோழர்கள் மறக்கலாகாது. எல்லைக்கு இப்பால் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஈழத்தமிழர் முகாம்கள் உள்ளன.

தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேரும், முகாம்களுக்கு வெளியே சுமார் 34 ஆயிரம் பேரும் வாழ்ந்துவருகிறார்கள். முதல் படகுகள் 1983இல் வந்தன. முகாமில் பிறந்த குழந்தை பள்ளி முடித்து, பட்டம் பெற்று, திருமணம் செய்து, அதன் குழந்தையும் இன்று பள்ளிக்குச் செல்கிறது. ஆவணத்தில் மூன்று தலைமுறையும் வெளிநாட்டவர். 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய வெளிநாட்டவர் சட்டத்தோடு சேர்த்து வெளியிடப்பட்ட விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்திற்கான தண்டனையிலிருந்து விலக்கியிருக்கிறது. தண்டனை இல்லை என்ற அளவில் இது ஒரு நிவாரணம்தான். ஆனால் ஆணை ஆட்சியாளரின் பேனாவில் இருப்பது. இன்று எழுதியதை நாளை அடிக்கலாம். குடியுரிமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நான்கு பழைய சட்டங்களை விழுங்கிப் பிறந்த புதிய சட்டத்திலோ அகதி என்பவர் யார் என்ற வரையறையே இல்லை. தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று நிரூபிக்கும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே வைத்த 1946ஆம் ஆண்டின் காலனியச் சட்ட விதி மட்டும் பத்திரமாகத் தொடர்கிறது.

விழிஞ்ஞமும் முனம்பமும்

2018 அக்டோபர் தொடக்கத்தில், வேலை தேடி ரயிலேறி வந்த ஒரு ரோஹிங்கியாக் குடும்பம் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் காவல்துறையின் விசாரணைக்கு உள்ளானது. ஐந்து பேர், அவர்களில் ஒன்று கைக்குழந்தை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டையும் அவர்களிடம் இருந்தது. அதே வாரத்தில், அக்டோபர் 4 அன்று, அசாமின் சில்சார் சிறையில் 2012 முதல் அடைபட்டிருந்த ஏழு ரோஹிங்கியர்களை ஒன்றிய அரசு மணிப்பூர் எல்லை வழியாக மியான்மரிடம் ஒப்படைத்தது. கடைசி நேர மனுவை அன்று காலையில்தான் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. ஊடகங்களில் ஒருபுறம் சில்சார்ச் செய்தி. மறுபுறம், ஊடுருவல்காரர்கள் விழிஞ்ஞம் வரை வந்துவிட்டார்கள் என்ற கூச்சல். கைக்குழந்தையோடு ஐந்து பேர் நாட்டின் பாதுகாப்பிற்கு ஆபத்து என்றார்கள். 2025 மே 2 அன்று அதே விழிஞ்ஞத்தில் சர்வதேசத் துறைமுகத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். உலகின் எந்த மூலையிலிருந்து வரும் கன்டெய்னருக்கும் அங்கே இடமுண்டு. சரக்கிற்கு உள்ள வரவேற்பு, அந்தச் சரக்கைச் செய்த மனிதர்களுக்கு இல்லை. முதலாளித்துவ உலகமயத்தின் முழு இலக்கணமும் இந்த ஒரு கடற்கரையில் அடங்கியிருக்கிறது.

2019 ஜனவரி 12 அன்று எர்ணாகுளம் மாவட்டம் முனம்பத்திலிருந்து தேவமாதா என்ற மீன்பிடிப் படகு நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் சென்றது. அவர்களில் பெரும்பாலோர் டெல்லியிலும் தமிழ்நாட்டிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த தமிழர்கள், ஈழத்தமிழர்கள். பெண்களும் குழந்தைகளும் அந்தப் படகில் இருந்தார்கள். கரையில் கைவிடப்பட்ட பைகள் கிடைத்தன. படகைப் பற்றிய உறுதியான தகவல் இன்றுவரை இல்லை. 2022 செப்டம்பரில் கொல்லத்தில் மற்றொரு கடற்பயணத்திற்குக் காத்திருந்த இலங்கைத் தமிழர்கள் பிடிபட்டார்கள். ஆள் கடத்தும் தரகர்களைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் குண்டு விழாத, உணவு கிடைக்கிற ஒரு நாட்டிலிருந்து மீன்பிடிப் படகில் மாக்கடலைக் கடக்க ஒருவர் ஏன் துணிகிறார் என்ற கேள்விக்குத் தரகரின் கைது விடையாகாது. நாற்பது ஆண்டு வாழ்ந்தும் நாடில்லாத நிலைதான் தரகரின் முதலீடு. அந்த முதலீட்டை அவருக்கு அளித்தது டெல்லி.

140 கோடி என்ற பூச்சாண்டி

இந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். முகாமிலும் வெளியிலும் உள்ள ஈழத்தமிழர் அனைவரையும் சேர்த்தாலும் சுமார் 15 ஆயிரம் இந்தியருக்கு ஒருவர். 2017இல் ஒன்றிய அரசே சொன்ன 40 ஆயிரம் ரோஹிங்கியர் என்ற எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டாலும் 35 ஆயிரம் இந்தியருக்கு ஒருவர். நம்மைவிடச் சிறிய, நம்மைவிட நெருக்கடியான வங்கதேசம் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட ரோஹிங்கியர்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. வேலையின்மையும் ரேஷன் வெட்டும் அகதிகளால் வந்தவை அல்ல என்பதைத் தொழிலாளர்கள் அறிவார்கள். ஆயினும் கோபத்தைக் கார்ப்பரேட் பக்கம் திரும்பவிடாமல் பக்கத்துக் குடிசையின் பக்கம் திருப்புவதற்கு இந்தப் பூச்சாண்டி தேவைப்படுகிறது.

2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியர்களைக் கைவிலங்கிட்டுக் கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கியது. நாடு கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால் தன் குடிமக்களுக்கு விலங்கு பூட்டியதைக் கண்டிக்கவும் நாவெழாத அதே அரசுதான், அடுத்த சில மாதங்களில், வங்க மொழி பேசும் ஏழைத் தொழிலாளர்களைப் பிடித்து இரவோடிரவாக எல்லைக்கு அப்பால் தள்ளியது. டெல்லியில் பிடிபட்ட பீர்பூம் மாவட்டத்துக் கருவுற்ற பெண் ஒருவர் இப்படித்தான் ஜூன் மாதம் வங்கதேசத்திற்குத் தள்ளப்பட்டார். செப்டம்பரில் கல்கத்தா உயர்நீதிமன்றம் திரும்ப அழைத்துவர ஆணையிட்டும், அதை ஏற்காமல் ஒன்றிய அரசு மேல்முறையீட்டிற்குப் போனது. டிசம்பரில்தான் அவர் தன் மகனுடன் தாய்மண்ணை மிதிக்க முடிந்தது. அந்நியரை விரட்டும் எந்திரம் இயங்கத் தொடங்கினால், அது குடிமகனையும் அந்நியனாக்கித்தான் நிற்கும். சுமார் 22 லட்சம் பிள்ளைகளை வெளிநாடுகளில் வேலைக்கு அனுப்பியிருக்கும் கேரளம், அயலாரை நடத்தும் முறை குறித்து அலட்சியமாக இருக்கவே முடியாது.

ஒரு சிற்றூர் வென்ற விதம்

இத்தனை பலமுள்ள எந்திரத்தை நிறுத்த முடியுமா? முடியும் என்று காட்டியது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஆறாயிரம் பேர்கூட வாழாத பிலோயிலா என்ற சிற்றூர். படகில் தனித்தனியே சென்று அங்கே மணம் புரிந்துகொண்ட ஓர் ஈழத்தமிழ் இணையர், அங்கேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். தந்தை அவ்வூர் இறைச்சித் தொழிற்சாலையின் தொழிலாளி. 2018 மார்ச் 5 அன்று விடியற்காலையில் அதிகாரிகள் வீடு புகுந்து நால்வரையும் தூக்கிச் சென்றார்கள்.

எதிர்த்து எழுந்தவர்கள் பழுத்த அரசியல்வாதிகள் அல்லர். அந்த ஊரின் சாதாரண அண்டை வீட்டார். கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். அது லட்சக்கணக்கில் வளர்ந்தது. புலம்பெயர்ந்த தமிழர் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் இணைந்தார்கள். 2019 ஆகஸ்டில் குடும்பத்தை விமானத்தில் ஏற்றி இலங்கைக்கு அனுப்பியே விட்டார்கள். விமானம் வானில் இருக்கையில் நீதிபதியின் தடையாணை வந்தது. விமானம் டார்வினில் இறங்கியது. பின்னர் குடும்பம் கிறிஸ்துமஸ் தீவின் தடுப்பு முகாமில் தனித்து அடைக்கப்பட்டது. 2021 ஜூனில் இளைய குழந்தை இரத்தத் தொற்றுடன் பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது நாடே விழித்தது. 2022 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

இதில் கற்க வேண்டியது கண்ணீர்க் கதையை அல்ல, வேலைமுறையை. முதலாவது, இயக்கம் நீதிமன்றத்தை மட்டும் நம்பவில்லை. முதல் சுற்று வழக்குகளில் அந்தக் குடும்பம் தோற்றது. ஆனால் ஒவ்வொரு வழக்கும் நாட்களை வாங்கித் தந்தது. வாங்கிய நாட்களில் இயக்கம் மக்களை வென்றது. இரண்டாவது, நாடுகடத்தல் இருட்டிலும் வேகத்திலும்தான் நடக்கும். விமான நிலையத்தில் ஆள் நின்றதாலும், வழக்கறிஞரின் தொலைபேசி விழித்திருந்ததாலும்தான் விமானம் நின்றது. மூன்றாவது, அகதி என்ற பொதுச்சொல்லுக்குப் பின்னால் இருந்த உழைப்பாளியை, பக்கத்து வீட்டுக்காரரை ஊர் முன்னால் கொண்டுவந்தது.

ஆனால் இந்த வெற்றியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஒரு குடும்பத்திற்கு விசா வழங்கிய அதே தொழிற்கட்சி அரசு, படகுகளைத் திருப்பியனுப்பும் கொள்கையைக் கைவிடவில்லை. 2023 பிப்ரவரியில் தற்காலிக விசாவில் இருந்த சுமார் 19 ஆயிரம் பேருக்கு நிரந்தர வாழ்வுரிமைக்கு வழிவிட்ட அரசு, அவசர விசாரணை முறையில் மறுக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரை வெளியே நிறுத்தியது. அவர்களில் தமிழர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரு பிலோயிலா வாய்க்காது. நல்ல அகதி, அழகான குழந்தை, ஊருக்கு இனியவர் என்று சான்றிதழ் பெற்றால்தான் வாழ உரிமை என்றால், அதுவும் சத்திரக்காரரின் நீதிதான்.

நம்மவர் என்ற வலை

இதே வலையில்தான் தமிழ்நாட்டின் சில தேசிய இனவாதக் குரல்களும் சிக்கியிருக்கின்றன. ஈழத்தமிழருக்காகக் கொதிப்பவர்கள் ரோஹிங்கியர் என்றதும் வாய்மூடுகிறார்கள். வடமாநிலத் தொழிலாளி என்றதும் பாஜகவின் மொழியைத் தமிழில் பேசுகிறார்கள். 2021 ஏப்ரல் 8 அன்று ஜம்முவில் அடைபட்ட ரோஹிங்கியரின் நாடுகடத்தலைத் தடுக்க உச்சநீதிமன்றம் மறுத்தபோது அவர்கள் பேசவில்லை. அன்று அடைக்கப்பட்ட கதவுதான் 2025 மே மாதத்தில் ஈழத்தமிழரின் முகத்தில் மோதியது. இதற்கு மாறாக, 1996 ஜனவரி 9 அன்று அருணாச்சலப் பிரதேசத்துச் சக்மா மக்களின் வழக்கில், 21ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமன்றி ஒவ்வொரு மனிதருக்கும் உயிர்ப் பாதுகாப்பு அளிக்கிறது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது யாரோ சக்மாக்களின் வழக்கு என்று ஒதுக்கினால், ஈழத்தமிழருக்கான மிக வலிய சட்ட ஆயுதத்தைத் தமிழர்களே தூக்கி எறிவதாகும்.

இலங்கையின் வரலாறு இதே பாடத்தைக் கசப்பாகக் கற்பித்தது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை அந்நாட்டு இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் எதிர்த்தார்கள். தோட்டத் தொழிலாளியின் வாக்கைப் பறிப்பது வர்க்கத்தின் கையை வெட்டுவது என்பதை அவர்கள் அன்று கண்டார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் லட்சக்கணக்கான உழைப்பாளிகளை எண்களாகப் பிரித்துக்கொண்டபோது, அந்த எதிர்ப்பைத் தலைமையேற்று நடத்தியிருக்க வேண்டிய லங்கா சமசமாஜக் கட்சி, சிறிமாவோவின் அமைச்சரவையில் அமர்ந்திருந்தது. அந்தச் சறுக்கலின் விலையை இலங்கைத் தொழிலாளி வர்க்கம் இன்றும் கொடுத்துவருகிறது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கொல்லம் மாவட்டம் புனலூரின் மறுவாழ்வுத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டினார்கள். ஒப்பந்தத்தில் எண்ணாக இருந்தவர்கள் கேரளத்தில் தொழிற்சங்கமாக எழுந்தார்கள்.

அகதியின் துயரம் கம்யூனிஸ்டுகளுக்கு வேறெவர் கதையும் அல்ல. மார்க்ஸ் 1845இல் பாரிசிலிருந்தும், 1848இல் பிரஸ்ஸல்ஸிலிருந்தும், 1849இல் கொலோனிலிருந்தும் விரட்டப்பட்டார். எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாமல் லண்டனில் வாழ்ந்தார். 1874இல் அவர் கேட்ட பிரிட்டிஷ் குடியுரிமையும் மறுக்கப்பட்டது. 1907இல் ஸ்டுட்கார்ட்டில் கூடிய சர்வதேச சோசலிஸ்ட் மாநாடு, இனத்தையோ தேசத்தையோ காரணம் காட்டித் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுப்பதை நிராகரித்தது. இந்த மரபின் வாரிசுகள் தயங்கி நிற்க நியாயமில்லை.

செய்ய வேண்டியது

அகதிகளுக்கான தேசியச் சட்டம் முதல் கோரிக்கை. இந்தியா 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. திருவனந்தபுரம் தொகுதியின் மக்களவை உறுப்பினர் சசி தரூர் 2015இலும் பின்னர் மீண்டும் அடைக்கலம் குறித்த தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். நல்லது. ஆனால் 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் இந்நாட்டில் சட்டமானதில்லை. பல பத்தாண்டுகள் ஆட்சியில் இருந்தபோது காங்கிரஸ் செய்யாததை, எதிர்க்கட்சி வரிசையில் ஒரு தனிமனிதரின் காகிதமாக வைத்தால் போதாது. மதம் பாராத, திருப்பியனுப்பாமைக் கோட்பாட்டை ஏற்கும் சட்டத்திற்கு நாடு தழுவிய இயக்கம் வேண்டும். முகாம்களில் பிறந்து வளர்ந்தோருக்கும் மலையக வம்சாவளியினருக்கும் குடியுரிமை, தண்டனை முடிந்தோரைச் சிறப்பு முகாம்களில் அடைப்பதற்கு முற்றுப்புள்ளி ஆகிய கோரிக்கைகளும் அதோடு இணைய வேண்டும்.

இயக்கம் கிளைகளில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் முகாம் மக்களோடும் விருந்தினர் தொழிலாளர்களோடும் உயிருள்ள தொடர்பு, இரவில் அழைத்தாலும் எடுக்கும் வழக்கறிஞர் குழு, ஆவணங்களைச் சேர்த்துப் பாதுகாக்க உதவி ஆகியவை வேண்டும். 1992இல் ராஜீவ் படுகொலைக்குப் பின் ஈழத்தமிழர்களைத் திருப்பியனுப்பியபோது, புரியாத ஆங்கிலப் படிவங்களில் விருப்பம் எனக் கையொப்பம் வாங்கப்பட்டதாகப் புகார் எழுந்தது, பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர்நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. தமிழ் முகாமில் நீட்டப்படும் ஒவ்வொரு படிவத்தையும் தமிழில் படித்துக் காட்ட ஒரு தோழர் அங்கே இருக்க வேண்டும். வங்க மொழி பேசும் தொழிலாளியின் பக்கத்தில் வங்க மொழி அறிந்த தோழர் இருக்க வேண்டும்.

களியக்காவிளையில் முடிந்த அந்தச் சங்கிலி அங்கேயே நிற்க வேண்டியதில்லை. அதன் அடுத்த கை எல்லைக்கு இப்பால் உள்ள முகாமின் கையாக இருக்கட்டும். அமித் ஷா சொல்வது ஒருவகையில் சரி: இந்தியா தர்மசாலை அல்ல. அது அரசமைப்புச் சட்டம் உள்ள குடியரசு. அந்தச் சட்டத்தின் 21ஆவது பிரிவு விருந்தினர் பட்டியல் எதையும் கேட்பதில்லை என்பதை அவருக்கும் அவரது அரசுக்கும் மக்கள் இயக்கத்தின் மொழியில் நினைவூட்டுவோம்!